அம்மனுக்குப் பின்னால் சுற்றிய சக்கரம்

நோர்வூட் பஸாரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிற தனுஷிகாவுக்குக் கரண்டோடு மல்லுக்கட்டுவதென்றால் சோறு தண்ணி வேண்டாம். ஆனால், பொம்பளைப்பிள்ளை கட்டின மோட்டார் ஓடுமா என்று கேட்டுவிட்டு, சனம் அவள் கடையைத் தாண்டி ஹட்டன் டவுனுக்குப் போய்க்கொண்டிருந்த காலமும் உண்டு.

அப்போதுதான் அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்துக் கோயில் தலைவர் பழனியாண்டி, திருவிழாவில் மாரியம்மனுக்குப் பின்னால் சுற்றும் பல்புச் சக்கரத்தை அவளிடம் ஒப்படைத்தார். நன்றாக ஓடினால் தோட்டமே கடைக்கு வரும். சொதப்பினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

நம் வீட்டுக்கு வரும் வோல்டேஜ் ஏறி இறங்கி, திசை மாறிக்கொண்டே இருப்பது. பல்பில் கரண்டும் அதோடு சேர்ந்தே ஏறி இறங்கும். கம்பிச் சுருளில் கரண்டு சோம்பேறி, வோல்டேஜுக்குப் பிந்தித்தான் வரும். கப்பாசிட்டரில் அதுவே முந்திக்கொள்ளும். சக்கரத்தைச் சுற்றவைக்கும் மோட்டாருக்குள் இரண்டு சுருள். இரண்டிலும் கரண்டு ஒன்றாக வந்தால் மோட்டார் நின்ற இடத்திலேயே உறுமும், அவ்வளவுதான். ஒன்றைக் கப்பாசிட்டர் வழியாக முந்தவிட்டால் சுற்றும். எது முந்துகிறதோ, அதைப் பொறுத்துத்தான் திசை. தனுஷிகா சுருள்களைக் கட்டி, எல்லாவற்றையும் ஒழுங்காக மாட்டி, சக்கரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அழகாக வலம் சுற்றியது.

சாயந்தரம் பூசைக்குச் சுவிட்சைப் போட்டதும் முன்னால் நின்றவர்களின் முகம் சுருங்கிவிட்டது. அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் சக்கரம் இடம் சுற்றியது. சாவு வீட்டில்தான் அப்படிச் சுற்றுவார்கள். பறித்த தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு நேரே வந்திருந்த அவள் அம்மா மீனம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

பழனியாண்டி பின்பக்கம் வந்து, "ஏன் புள்ள, இது என்ன சாவு வீடா?" என்றார்.

பின்னால் நின்று பார்த்த வலம் முன்னால் இடமாகிவிடும் என்பது தனுஷிகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஒரே ஒரு வயருங்க மாமா. மாத்திட்டா வலம் சுத்தும்."

மெயினை அணைக்கச் சொல்லி, கப்பாசிட்டரின் ஒரு முனையிலிருந்த சப்ளை வயரைக் கழற்றி மறுமுனையில் பூட்டினாள். இதுவரை பிந்திய சுருள் இனி முந்தும். சுவிட்சைப் போட்டபோது நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. முன்னால் தப்பு மேளம் முழங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

"அடுத்த வருசமும் நீதான் செய்யணும்," என்று பழனியாண்டி அவளைக் கூட்டத்துக்குள் கூப்பிட்டார். "ஆனா மொதல்ல இங்க நின்னு பாரு."

அங்கே மீனம்மா, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "எம்மக கட்டுன மோட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.