சேர்த்துப் பிடித்த கண்கள்

ஒரு நாளில் எவ்வளவு நேரம் உங்கள் மகளின் கண் விலகி நிற்கிறது? கண் மருத்துவர் ஒவ்வொரு முறையும் இதைத்தான் முதலில் கேட்கிறார். என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. எப்போதாவது என்கிறேன். அடிக்கடி என்று திருத்துகிறேன். வெளியே வந்ததும், எப்போதாவது என்றே விட்டிருக்கலாமோ என்று தோன்றுகிறது.

முதலில் கவனித்தவர் பாலர் பள்ளி ஆசிரியை. கதை கேட்கும்போது பிள்ளையின் இடது கண் மெல்ல வெளிப்பக்கமாக ஒதுங்குகிறது, கூப்பிட்டால் ஒரு தடவை சிமிட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறது என்றார். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து உற்றுப் பார்த்தேன். இரண்டு கண்களும் நேராக என்னைப் பார்த்தன. அப்புறம்தான் கைப்பேசியில் பழைய படங்களைத் தேடினேன். வெயிலில் எடுத்த படம் எல்லாவற்றிலும் அவள் ஒரு கண்ணை மூடியிருந்தாள். கண்ணடிக்கிறாள் என்று சொல்லிச் சிரித்து, அந்தப் படங்களை உறவினர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தோம்.

மருத்துவமனைக்கு முதன்முறை போன அன்று காலை அவள் துறுதுறுவென்று இருந்தாள். கண் அசையவே இல்லை. பொய்ப் புகார் கொடுக்க வந்தவள் போல நான் குறுகிப்போய் உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் அவசரப்படவில்லை. இடது கண்ணைக் கொஞ்ச நேரம் மறைத்து வைத்து, ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் தெரிந்த கட்டடத்தைப் பார்க்கச் சொன்னார். மறைப்பை எடுத்ததும் அந்தக் கண் வெளி ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து சேர்ந்தது. நான் கற்பனை செய்யவில்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அது வந்ததற்காக வெட்கப்பட்டேன்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம்வரை உயிரியல் படித்தவள் நான். கண்ணின் படத்தை வரைந்து, தசைகளுக்குச் சிவப்பு தீட்டி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தத் தசைகள் என்ன வேலை செய்கின்றன என்று அப்போது யோசித்ததில்லை. இப்போது அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் அதைத்தான் படிக்கிறேன். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் பிடித்திருக்கின்றன. வலப்பக்கம் பார்க்க வேண்டுமானால் வலது கண்ணின் வெளித்தசைக்கும் இடது கண்ணின் உள்தசைக்கும் ஒரே கட்டளை போகிறது. எதிரே இழுக்கும் தசைகளுக்குத் தளரச் சொல்லிக் கட்டளை. பார்வை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும்போது நரம்புகள் முதலில் பலமாக ஓர் உந்தல் கொடுக்கின்றன. போன இடத்தில் கண் நிற்க வேண்டுமானால் அளவான கட்டளை விடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். கட்டளை நின்றுவிட்டால் கண் வழுக்கித் திரும்பிவிடும். அசையாமல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பதும் வேலைதான்.

என் மகளின் தசைகளில் கோளாறு இல்லை. ஒரு கண்ணை மூடினால் மற்றக் கண் எல்லாப் பக்கமும் போகிறது. இரண்டையும் ஒரே புள்ளியில் சேர்த்துப் பிடிக்கும் வேலையில்தான் மூளை அவ்வப்போது தளர்கிறது. களைத்தால், கனவில் ஆழ்ந்தால், தூரத்தைப் பார்த்தால் பிடி விடுகிறது.

என் கணவர் எங்கள் தீவிலேயே, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். நான் சொல்லி முடித்ததும், "மோட்டார் ஓகே. சிக்னல்தான் டிரிஃப்ட் ஆவுது, அப்படித்தானே?" என்றார். பிள்ளையை மெஷினாக்கிவிட்டாரே என்று கோபம் வந்தது. ஆனால் அறுவை சிகிச்சை என்ற பேச்சு வந்தபோது அவர் கேட்டதுதான் என் மனதில் தங்கிவிட்டது. "சிக்னல்லதானே பிரச்சன. அப்புறம் ஏன் மோட்டார்ல கை வைக்கணும்?"

அதை நான் மருத்துவரிடம் கொஞ்சம் மரியாதையாக மாற்றிக் கேட்டேன். மூளை அனுப்பும் கட்டளையை மருத்துவர்களால் தொட முடியாது, வெளித்தசையை அது ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து எடுத்துச் சற்றுப் பின்னால் தைப்பார்கள், அதே கட்டளை வந்தாலும் இழுப்பு குறையும் என்றார். சில பிள்ளைகளுக்குக் கண் மறுபடி விலகலாம், சிலருக்கு உள்பக்கமாகத் திரும்பிவிடலாம் என்பதையும் மறைக்கவில்லை. இப்போதைக்குப் பயிற்சி செய்யுங்கள், பார்க்கலாம் என்று அனுப்பினார்.

பயிற்சி எளிது. ஒரு குச்சியின் நுனியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதை மெல்ல மூக்கருகே கொண்டு வர வேண்டும், இரண்டாகத் தெரிந்தால் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் கொடுத்த குச்சியை மகள் முதல் வாரமே உடைத்துவிட்டாள். நான் ஐஸ்கிரீம் குச்சியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். அவளுக்கு அது மிகவும் பிடித்தது. தினமும் நிறத்தை அவளே தேர்ந்தெடுப்பாள். சாமி விளக்கேற்றியதும் பொட்டுக் குச்சியோடு வந்து என் எதிரே உட்கார்ந்துவிடுவாள். பொட்டு மூக்கைத் தொடும்வரை ஒன்றாகத்தான் தெரிகிறது என்பாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த சந்திப்பில் அந்தக் குச்சியை எடுத்துக் காட்டினேன். மருத்துவர் சிரித்துவிட்டு, இது போதாது என்றார். குச்சியில் சின்ன எழுத்தோ படமோ இருக்க வேண்டுமாம். அதைத் தெளிவாகப் பார்க்க முயலும்போதுதான் கண் கூர்மைப்படும். அந்த முயற்சியோடு சேர்ந்துதான் இரண்டு உள்தசைகளும் இழுக்கும். பொட்டில் தெளிவாகப் பார்க்க எதுவும் இல்லை. மங்கலாகத் தெரிந்தாலும் அது பொட்டுதான். பிள்ளை உழைக்காமலேயே எனக்குச் சரியான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். என் நெற்றியிலும் அன்று ஒரு பொட்டு இருந்தது. அதை அங்கேயே பிய்த்து எறியலாம் போலிருந்தது.

பிறகு பிஸ்கட் பாக்கெட்டிலிருந்து சின்ன எழுத்துகளை வெட்டி ஒட்டினேன். முன்னேற்றம் கொஞ்சம்தான். இரண்டு கண்களும் சேர்ந்து ஆழத்தை அறியும் சோதனையில் அவள் முன்பைவிடக் குறைவாகவே செய்தாள். அடுத்த ஆண்டு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் ஆண்டுக்குப் போகிறவள். அதற்கு முன்பு வரும் பள்ளி விடுமுறையில் அறுவை சிகிச்சைக்கு இடம் இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார் மருத்துவர்.

கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் இருக்கும் என் கணவரின் அக்காவிடம் இதைச் சொன்னோம். அவர் தட்டில் முறுக்கை வைத்துக்கொண்டே, "மாறுகண்ணு ராசிதான்லா. அத போயி யாராச்சும் வெட்டுவாங்களா?" என்றார். என் கணவர், "அப்ப ஒங்க மகனுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுக்கவாக்கா?" என்று கேட்க, அக்கா அவர் தோளில் ஓர் அடி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, பிள்ளை குழந்தையாக இருந்தபோது நான் தொட்டிலில் பொம்மையை ரொம்பக் கிட்டக் கட்டியதால்தான் இப்படி என்று என்னைக் குறை சொன்னார். அதனால் வருவதில்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இருந்தும் அக்கா வீட்டுக் குளியலறைக்குள் போய், பழைய வீடியோவைத் திறந்து பொம்மை எவ்வளவு உயரத்தில் தொங்கியது என்று பார்த்தேன்.

திரும்பும்போது ஃபெரிப் படகில் நான் வேண்டுமென்றே சில வரிசைகள் தள்ளி உட்கார்ந்தேன். மகள் அப்பாவின் மடியில் சாய்ந்து, கண்ணாடி வழியாகத் தீவின் மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கண் மெல்ல ஒதுங்கியது. எப்போதும் இந்த நேரத்தில் அவளைக் கூப்பிட்டுவிடுவேன். அன்று கூப்பிடவில்லை. அவள் முகம் தூங்கும் பிள்ளையின் முகம் போலத் தளர்ந்திருந்தது.

அப்போது என்னைப் பார்த்துவிட்டாள். ஒரு சிமிட்டல், கண் உள்ளே வந்துவிட்டது. எழுந்து என்னிடம் ஓடி வந்தாள்.

"நீங்க பாக்குறீங்கன்னு தெரிலம்மா. தெரிஞ்சிருந்தா சேத்து வச்சிருப்பேன்."

"எத சேத்து?"

"கண்ணதான். நீங்க பாக்குறப்பல்லாம் வைப்பேன். அப்பாவுக்கு வேணாம்."

"ஏன் அப்பாவுக்கு வேணாம்?"

"அப்பா மூஞ்சி மாறாதுல்ல."

வலிக்குமா என்று கேட்டேன். வலிக்காது, டயர்டா இருக்கும் என்றாள். பிறகு என் பையில் முறுக்கு மீதி இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டாள்.

இத்தனை மாதமாக மருத்துவரிடம் நான் சொன்ன எப்போதாவதும் அடிக்கடியும் என் எதிரே அவள் சேர்த்துப் பிடித்து உழைத்த நேரத்தின் கணக்கு; நான் பார்க்காத நேரம் அதில் இல்லை. அதை நம்பித்தான் அவர் காத்திருக்கச் சொன்னாரா? நேற்று தொலைபேசியில் இதைச் சொன்னேன். பயனுள்ள தகவல் என்றார் மருத்துவர். பாலர் பள்ளியில் கவனித்து எழுதித் தரச் சொல்லுங்கள், ஆனால் விடுமுறையில் இடம் வேண்டுமா என்பதை இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள் என்றார். கணவர் செய்துவிடலாம் என்கிறார். நான் காலையில் சரி என்கிறேன், பிள்ளையைக் குளிப்பாட்டும்போது வேண்டாம் என்கிறேன். இனி சேர்த்து வைக்காதே என்று அவளிடம் சொன்னால், இருக்கும் பிடியும் போய்விடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் என் முகத்துக்காக அவள் நாள் முழுக்க உழைப்பாள்.

இதே விலகலுக்காகப் பிள்ளைக்கு அறுவை சிகிச்சை செய்தவர்கள் இதைப் படித்தால் எழுதுங்கள். வேண்டாமென்று காத்திருந்தவர்களும் எழுதுங்கள். பிள்ளைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். முகம் மாறாமல் பிள்ளையின் கண்ணைப் பார்க்கப் பழகிக்கொண்ட தாய் யாராவது இருந்தால், எப்படிப் பழகினீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.