துரையின் தொப்பி பற்றி எங்கள் ஊர்க் கருத்து

போன வாரம் திருப்பதியில் மதியக் காட்சி பார்த்துவிட்டு வெளியே வந்தேன். வெள்ளைக்காரர் காலத்துப் பாதிரிமார்களைப் பற்றிய சரித்திரப் படம். வாசலில் ஒரு பெண் மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டி, "மூவி எலா உந்தி சார்?" என்று தெலுங்கில் படம் எப்படி என்று கேட்டாள். படம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்காமல், அவளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். கேமராக்காரர் மட்டும்தான் நின்றார். "ஏசி பாகுந்தி" என்று ஏசியை மட்டும் புகழ்ந்துவிட்டு நழுவினேன். பாவம், அவள் முகம் தொங்கிப்போயிற்று.

இதை என் சொந்தக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். இது ஊர்க் கோளாறு. ஆந்திராவில் குடிபாலா தாண்டி, வேலூர் எல்லையை ஒட்டியது எங்கள் ஊர். அடுத்தவர் நிலத்தில் கூலி செய்துவிட்டு, நேற்றுதான் சொந்தமாகக் கொஞ்சம் மண்ணைப் பார்த்தவர்கள் நாங்கள். யாராவது வந்து ஒன்றைக் கேட்டால் சும்மா கேட்கமாட்டார்கள் என்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் நீட்டிய மைக்குக்கு வாசனையே இல்லை. நான் பழகிய மைக்குகளுக்கு உண்டு. வெற்றிலை, பீடி, துரு, ஊரார் எச்சில் எல்லாம் கலந்த ஒரு நெடி. சித்தூரில் மைக் செட்டுக் கடையில் வேலை பார்த்த நாட்களில் அந்த நெடி என் சோற்றில்கூட அடிக்கும். வீட்டுக்கு வீடு கேபிள் ஒயர் வந்துகொண்டிருந்த சமயம். எங்கள் ஊர் வாலிபர்கள் மெட்ராஸ் கம்பெனிகளுக்குப் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தார்கள். நான் மட்டும் ஆம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்கே வாடகைக்குப் போனேன்.

அங்கேதான் அந்த நாடகம். வேலூர்ப் பக்கத்திலிருந்து ஜிப்பா போட்ட வாத்தியார் ஒருவர் எழுதி, ஆள் சேர்த்துக் கூட்டி வந்திருந்தார். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றி, பள்ளிக்கூடம் கட்டிய ஒரு பாதிரி துரையின் கதை. பொழுது சாயும்போது பள்ளிக்கூட மைதானத்தில் ஆரம்பித்தார்கள். ஜனங்கள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். இடையிடையே, "யாரு செலவு இது?" என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் கவலை வேறு. தங்கை கஸ்தூரிக்கு நர்ஸ் படிப்பில் சீட்டு கிடைக்கும் நிலை. சாதிச் சான்றிதழ் மட்டும் மண்டல ஆபீசில் கிடந்தது. மதம் மாறியவர்கள் என்று பேர் வந்துவிட்டால் அது கைக்கு வராது என்று ஊரில் பேச்சு. நாடகத்தைப் புகழ்ந்தால் மதம் மாறியதாக ஆகிவிடுமா என்று நீங்கள் சிரிக்கலாம். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா சிரிக்கும் நிலையில் இல்லை.

நாடகம் முடிந்ததும் வாத்தியார் டேப் ரெக்கார்டரை என் ஆம்ப்ளிபயரோடு இணைக்கச் சொன்னார். "ஒங்க கருத்தச் சொல்லுங்க. பதிவு பண்ணி வெச்சிக்கலாம்" என்றார். பதிவு என்றதும் மைதானமே கல்லாகிவிட்டது.

கடைசியில் பக்கத்து வீட்டுப் பெருமாள் மாமா எழுந்தார். "தொப்பி நல்லா கீது" என்றார்.

அவ்வளவுதான், வழி கிடைத்துவிட்டது. அடுத்தவருக்கும் தொப்பி பிடித்திருந்தது. இன்னொருவருக்கு லைட்டு. ஒருவர் என் மைக் செட்டைப் பாராட்டினார், எனக்கே கூச்சமாகிவிட்டது. கஞ்சியைப் பற்றியோ பள்ளிக்கூடத்தைப் பற்றியோ ஒருவரும் வாய் திறக்கவில்லை. கன்னியம்மா அக்கா மட்டும் வேஷம் கலைக்காத நடிகரிடம் நேராகப் போனாள். எங்கள் பக்கம் கூத்தில் அது வழக்கம்தான். அரிதாரம் இருக்கும்வரை அவன் ராஜாதான், ராஜாவைக் கேள்வி கேட்கலாம்.

"ஏன் தொர, கஞ்சி ஊத்தன, சரி. எதுக்கு ஊத்தன?"

துரை தொப்பியைக் கழற்றினார். "எனக்கு எழுதிக் குடுத்தது அவ்ளோதான்மா" என்றார்.

வாத்தியார் நொந்துபோய் நைனாவிடம் மைக்கைக் கொடுத்தார். நைனா என்னைப் பார்த்து, "டேய், மைக்க ஆப் பண்ணு" என்றார். மைக்கையும் டேப்பையும் நிறுத்தினேன். சிவப்பு விளக்கு அணைந்ததா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"எங்க நைனாவ ஊர்ப் பள்ளிக்கூடத்துப் படி ஏற வுடல. இந்த மாரி ஒரு தொரதான் உள்ள கூப்டு, கையப் புடிச்சி எழுத வெச்சாரு. எதுக்கு வெச்சாரோ, அவருக்குத்தான் தெரியும். ஆனா சாவற வரிக்கும் எங்க நைனா அந்தப் பேரச் சொல்லிகினுதான் இர்ந்தாரு. அவரு எழுதனதாலதான் நான் எழுதறேன், இன்னிக்கி எம் பொண்ணு நர்சுக்குப் படிக்கப் போறா. இத்த மைக்குல சொன்னா அவ சர்டிபிகேட் பூடும் சாரே. மன்னிச்சிக்கோ."

பிறகு என்னிடம், "இப்ப போடு" என்றார். இரண்டையும் போட்டேன்.

நைனா மைக் இல்லாமல் சொன்னதை மைதானத்தில் அத்தனை பேரும் கேட்டார்கள். ஒருவர்கூட வெளியே மூச்சு விடவில்லை. சந்தேகம் பிடித்த ஊருக்கு இப்படி ஒரு நல்ல குணமும் உண்டு.  வாத்தியார் கேசட்டை உருவி, "இத நீயே வெச்சிக்கப்பா" என்று என்னிடமே தந்துவிட்டார்.

சான்றிதழ் வந்தது. கஸ்தூரி இப்போது மஸ்கட்டில் நர்ஸ். ஊர்ப் பிள்ளைகள் ஸ்ரீ சிட்டி கம்பெனிகளில் சேர்ந்து, அறை எடுத்துத் தங்கி, பார்க்கிற படத்துக்கெல்லாம் போனில் கருத்துச் சொல்கிறார்கள். கேட்பவர் யார் என்று ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. மைக் செட்டுக் கடை இல்லை, பெருமாள் மாமா இல்லை. நைனாவும் போய்விட்டார்.

திருப்பதியிலிருந்து திரும்பிய அன்று கஸ்தூரி போன் செய்தாள். "அண்ணா, நைனா கொரலு எங்கனா கீதா?" என்று கேட்டாள். பரணில் தேடி அந்தக் கேசட்டை எடுத்து, போனை ஸ்பீக்கரில் வைத்து, பழைய டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டேன். தொப்பி, லைட்டு, மைக் செட்டு, கன்னியம்மா அக்கா, துரை. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், உடனே இன்னொரு 'டக்'. நைனா தொண்டையைச் செருமுகிறார்.

"தொப்பி நல்லா கீதுங்க" என்கிறார்.

அந்தப் பக்கம் கஸ்தூரி அழுதாள். "இன்னொரு தபா போடுண்ணா" என்றாள்.