ஒரு நாள் முன்னதாக விரிந்த குடை

அபிராமபுரம் ஸ்ரீரங்கனுக்குச் சம்பளம் கொடுத்தது ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். அவர் உழைத்ததோ ஆகாயத்துக்கு. காலையில் காபிக்கு முன்னும் மாலையில் டிபனுக்குப் பின்னும் மொட்டை மாடியில் ஆஜராகிவிடுவார். மேகங்களைப் பிரிப்பதில் அவருக்கென்று ஒரு சைவ நெறி இருந்தது. உலகம் மீன் செதில் என்று சொல்லும் மேகம் அவருக்கு அவல் மேகம். அவல் பரப்பினால் ஓரிரு நாளில் வானிலை மாறும். தலை தட்டையாகப் பரந்த இடிமேகம் முக்காலி. முக்காலி போட்டால் மழை வந்து உட்காரும். அவர் பேச்சைக் கேட்டு வடாம் போட்டவர்கள் தெருவில் உண்டு. கேட்டதாலேயே அடுத்த வருஷம் போடாதவர்களும் உண்டு.

1994-இல் அவர் மகள் ஸ்ரீரஞ்சனிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை சாய்நாத் சாது. சாய்நாத்தின் அப்பாவை அப்படிச் சொல்ல முடியாது. அவர் வைத்த ஒரே நிபந்தனை, கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை ஊர்வலம் திறந்த காரில்தான் நடக்க வேண்டும் என்பது.

"ஆவணியாச்சே, சாயங்காலம் இடி மழை வந்தா?"

"வராது சம்பந்தி. நான் வாக்குக் கொடுக்கறேன்" என்றார் ஸ்ரீரங்கன். எந்த அரசாங்கமும் கொடுக்கத் துணியாத வாக்கு அது.

அந்த நாளும் வந்தது. மாலையில் மண்டப வாசலில் நின்று அண்ணாந்தார். வானம் முழுக்கப் பசுவின் மடிகளைப் போல உருண்டை உருண்டையாக மேகம் தொங்கியது. அவருடைய சமையலறையில் அதற்குப் பெயர் இல்லை.

கார் டிரைவர் கபாலியும் பார்த்தான். "இன்னா சார், மானத்துல பலூன் கட்டிக்கீறாங்க? உன் ஏற்பாடா?"

மனைவி சூடாமணி ஓடி வந்தாள். "ஏன்னா, உங்க மேகம் என்ன சொல்றது?"

"பேசமாட்டேங்கறது."

"நான் சொல்றேன். இவ சின்ன வயசுல பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்னா. கல்யாணத்துல மழை கொட்டும்னு அப்பவே அடிச்சிண்டேன்."

"எனக்கு அள்ளிக் கொடுத்ததே அப்பாதான்" என்றாள் ஸ்ரீரஞ்சனி, தலையில் பூ வைத்தபடியே ஜன்னலிலிருந்து.

கொடுத்த வாக்கு ஒரு பக்கம், தின்ற அரிசி ஒரு பக்கம். ஸ்ரீரங்கன் உள்ளே போனார். மறுநாள் காலை மாப்பிள்ளை சந்நியாசம் வாங்கப்போவதாகக் காசிக்குக் கிளம்புவதும், பெண்ணின் தகப்பனார் கெஞ்சித் திருப்பி அழைத்து வருவதும் வழக்கம். அந்தக் காசி யாத்திரைக்கு வாங்கிய புதுக் குடை தாம்பாளத்தில் இருந்தது. எடுத்துவந்தார். கார் நகர்ந்ததும் பின்னால் தொற்றி ஏறி, கோட்டும் மாலையுமாக இருந்த மாப்பிள்ளையின் தலைக்கு மேல் விரித்தார்.

நாகஸ்வரம் பாதியில் நின்றது.

"என்ன ஸ்ரீரங்கன் இது?" என்று சம்பந்தி முழங்கினார். "காசி யாத்திரை நாளைக்குன்னா! இன்னிக்கே என் பிள்ளையை அனுப்பறேளா?"

"பொண்ணோட அப்பாவே குடை பிடிச்சு வழியனுப்பறார்! மனசு மாறிடுத்து போல" என்றது ஒரு குரல்.

"இல்லை... மழை..."

"வராதுன்னு வாக்குக் கொடுத்தது யாரு?"

மடக்கினால் மாப்பிள்ளை நனையலாம். பிடித்தால் சம்பந்தமே நனைந்துவிடும். ஸ்ரீரங்கன் குடையும் கையுமாகச் சிலையானார்.

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவள் பாலவாக்கத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் அத்தை. பட்டுப்புடவை சொட்டச் சொட்ட, "அங்கே கொட்டித் தீர்த்துட்டு, அப்படியே கடலுக்குள்ள போயிடுத்து. இங்க ஒரு தூறல்கூட இல்லையா?" என்று குறைபட்டாள்.

ஸ்ரீரங்கன் அப்போதுதான் மேற்கே திரும்பிப் பார்த்தார். நாலு நாழியாகப் பார்த்திருக்க வேண்டிய திசை. அங்கே வானம் வெளுத்து, சூரியன் சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் தொங்கியது, தாண்டிப்போன மழையின் வால். அந்த வெயில் அடியில் பட்டதும் ஒவ்வொரு உருண்டையும் பொன்னாயிற்று.

"சார், பலூனுக்கு லைட்டும் போட்டுட்ட!" என்றான் கபாலி.

சம்பந்தி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "ஏற்பாடு பேஷ்" என்று கடைசியில் மன்னித்தார்.

"மாமா, குடையை மடக்குங்கோ" என்றான் சாய்நாத். "நான் எங்கேயும் போறதா இல்லை."

ஸ்ரீரங்கன் விட்ட பெருமூச்சுதான் அன்று அபிராமபுரத்தில் வீசிய ஒரே பலத்த காற்று. நாகஸ்வரம் விட்ட இடத்தில் தொடர்ந்தது.

அந்த மேகத்துக்கு அவர் பிறகு பெயரும் வைத்தார்: சம்பந்தி மேகம். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் கொட்டவேண்டியதை வேறெங்கோ கொட்டிவிட்டுத்தான் வந்திருக்கும். மேற்கே மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பெயரைச் சொல்ல, சம்பந்தி ஊரில் இல்லாத நாட்களில் மட்டும் சூடாமணி அனுமதித்தாள்.