உபவாச ஜெபத்தில் நான் போட்ட சத்தம்

கல்லூரியில் படிக்கும் என் மகள் ஸ்டெல்லாவுக்குப் பரம்பரையாக வரும் ஓர் அரிய நோய். சில மணி நேரம் சாப்பிடாவிட்டாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் வேகவைக்காத மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கரைத்து வேளை தவறாமல் குடிப்பாள். இதற்கான புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் சேர பெங்களூரில் பெயர் கொடுத்திருந்தோம். அவள் தேர்வாக வேண்டுமென்று எங்கள் ஊரான ஊரிகத்தில் சபையார் உபவாச ஜெபம் வைத்தார்கள். என்ன நோய் என்று கூச்சத்தால் நான் யாருக்கும் விளக்கவில்லை.

ஜெபத்தின் நடுவே ஸ்டெல்லா வியர்த்துப்போய் என் தோளில் சாய்ந்தாள்.

"எனக்காக எல்லாரும் பட்டினி. நான் மட்டும் எப்படிம்மா குடிக்கிறது?"

காலையிலிருந்து மாவைத் தொடவே இல்லையாம்!

சபையில் வாயே திறக்காத நான், "சர்க்கரை கொண்டாங்க!" என்று கத்தினேன். பாஸ்டர் அம்மா சர்க்கரைத் தண்ணீரோடு ஓடிவந்தார். குடித்த பிறகு மெல்ல நிமிர்ந்தாள். உடனே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கூட வந்த பக்கத்து வீட்டு மேரி வழியெல்லாம் என்னை விடவில்லை.

"இன்னாக்கா, மொதல்லயே சொல்லக்கூடாதா? நாங்க துன்னாம இருந்தா பத்தாதா?"

நடந்ததை ஆய்வு டாக்டரிடமும் மறைக்காமல் சொன்னோம். நன்றாகத் திட்டிவிட்டு, மறுபடி பரிசோதித்து, சேர்த்துக்கொண்டார்! மருந்து பலன் தந்ததால் இப்போது டாக்டரே மாவின் அளவைக் குறைத்திருக்கிறார்.

இப்போதெல்லாம் ஸ்டெல்லா எல்லார் முன்னாலும் மாவு குடித்த பிறகுதான் எங்கள் உபவாச ஜெபம் தொடங்கும். புதிதாக வருபவர்களுக்கு ஏன் என்று மைக்கில் சொல்வது நான்தான்.