வலிக்காமல் எடுக்க வேண்டும்

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது கோமதியின் கணவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "கோமதி போயிட்டாளுங்க." அருவங்காட்டில் இறங்கிச் சாலையோரம் வெகுநேரம் நின்றேன்.

நம் மருந்தியல் கல்லூரி ஆய்வகத்தில் கோமதியுடன் பணியாற்றிய உங்களுக்கு அவருடைய சிரிப்பும் தெரியும், கோபமும் தெரியும். அவர் கடைசிவரை செய்த வேலை எங்கே தொடங்கியது என்பது சிலருக்குத் தெரியாமலிருக்கலாம்.

சேரம்பாடியில் ஒரு மருத்துவ முகாமுக்குக் கோமதியும் நானும் போயிருந்தோம். தேயிலை பறிக்கும் பெண்ணொருவர், சர்க்கரை நோயால் ஆறாத கால்புண்ணோடு வந்தார். "கட்டு மாத்த தெனமும் வரச் சொல்றாங்கம்மா. எஸ்டேட்டுல எத்தன நாளைக்கு லீவு குடுப்பாங்க?" என்றார். திரும்பும் வழியில் கோமதி, "ஒருக்கா ஒட்டுனா வாரம் பூரா மருந்து விடோணுங்க. அப்படி ஒரு கட்டு பண்ணலாம்" என்றார்.

பாலிமர் கரைசலில் மருந்தைக் கலந்து, மின்சாரத்தின் விசையால் தலைமுடியைவிட மெல்லிய இழைகளாக இழுத்துத் துணிபோலப் படியவைத்தோம். சோதித்தால், முதல் நாளே பெரும்பகுதி மருந்து வெளியேறிவிட்டது. பாலிமரை மாற்றியும் பயனில்லை. விட்டுவிடலாம் என்றேன். கோமதி திருப்பூரில் வளர்ந்தவர். துணி நெய்த பிறகும் அதற்கு எத்தனை வேலை உண்டென்று அறிந்தவர். "நூத்துட்டா ஆச்சுங்களா? இனிமேத்தான் வேலையே இருக்குது" என்றார்.

இழைகளை இளஞ்சூட்டில் வைத்து இறுக்கினால் மருந்து மெதுவாகக் கசியும் என்பது அவர் கணிப்பு. முதல் முயற்சியில் சூடு மிஞ்சி, எல்லாம் உருகித் தகடாகிவிட்டது. அதைத் தூக்கிப் பிடித்து, "அப்பளம் ரெடிங்க!" என்று சிரித்தார். பிறகு சூட்டைப் படிப்படியாகக் குறைத்தார்; இருபுறமும் மருந்தில்லாத மெல்லிய பூச்சொன்றும் கொடுத்தார். ஒரு மழைக்காலம் முழுவதும் அதிலேயே போனது. கடைசியில், வார இறுதியிலும் மருந்து சீராக வந்துகொண்டிருந்தது.

நோயாளிகளிடம் சோதிக்க அனுமதி கிடைத்தபோது அவர் நோயுற்று மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். செய்தியைச் சொன்னேன். கண்கள் மலர்ந்தன. உடனே கேட்டார்: "ஏனுங்க, கழட்டறப்ப வலிக்குமான்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. மறுநாள் மருந்தில்லாத துண்டொன்றை என் கையில் ஒட்டி, ஒரு நாள் விட்டு உரித்தேன். தோலும் கூடவே வந்தது. சோதனையைத் தள்ளிவைத்து, தோலைத் தொடும் பக்கத்தின் பூச்சை மாற்றினோம். இப்போது உப்புநீரில் நனைத்தால் தானே விலகுகிறது. தொலைபேசியில் சொன்னபோது, "அப்ப தெகிரியமா ஒட்டுங்க" என்றார். நான் கடைசியாகக் கேட்ட அவர் குரல் அதுதான்.

முதல் நோயாளிக்கு அடுத்த மாதம் ஒட்டப்போகிறோம். மருந்து எத்தனை நாள் வருகிறது என்று கேட்க எனக்கு எப்போதும் தெரியும். எடுக்கும்போது வலிக்குமா என்று கேட்கக் கோமதிக்குத்தான் தெரிந்திருந்தது. அந்தக் கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன்.