லீமாவின் அப்பா ஏறிய கூரை

இன்று மகனின் பள்ளியில் பெற்றோர் நாங்கள் சேர்ந்து உடைந்த ஓடுகளை மாற்றினோம். நனைந்த ஓட்டின் பாசி வாடை மூக்கில் ஏறியதும், முட்டம் கடற்கரைக்குப் பக்கத்தில் நான் நான்காம் வகுப்பு படித்த மழைக்காலம் நினைவுக்கு வந்தது.

வகுப்பறை ஒழுகியதால் டீச்சர் மாதா கோயிலுக்கு வந்து ஆள் கேட்டார். கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேர் வந்தார்கள். என் வகுப்புக் கூட்டுக்காரி லீமாவின் அப்பா சூசை மாமாதான் மேலே ஏறினார்.

“சட்டம் உளுத்திருக்கு, நீரு எறங்கும்,” என்று கீழே நின்ற என் அப்பா சொன்னார்.

“பிள்ளைய எல்லாம் நனையுதுல்லா மக்கா,” என்றார் மாமா.

வேலை முடியும் நேரத்தில் மரச்சட்டம் முறிந்தது. சிமென்ட் தரையில் விழுந்தவர் பிறகு நடக்கவே இல்லை.

அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை. லீமா மட்டும் பள்ளிக்கு வரவில்லை. அம்மாவோடு மீன் விற்கப் போனாள். டீச்சர் சாயங்காலங்களில் அவள் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். லீமா வாசலிலேயே எங்களை நிறுத்தினாள்.

“இனி வரண்டாம் டீச்சர். நான் படிக்கியத பாத்தா அப்பா அழுவாவ.”

இன்று கூரையில் ஏறியவர் இறங்கும்வரை ஏணியைப் பிடித்த கையை என்னால் எடுக்க முடியவில்லை.