பெருவாயனைத் தேடிக் கரடியனாறு போனேன்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்த மாசியில் நான் மட்டக்களப்புக்குப் போனது வாவியைப் பார்க்க அல்ல. ஒரேயொரு பென்சில் அடையாளத்துக்காகப் போனேன்.

யோகா ரீச்சர் களுவாஞ்சிக்குடியில் கணிதம் படிப்பிக்கிறார். என்னைவிடப் பதினேழு வயது இளையவர். ஹைக்கூ எழுதுகிறார், சிங்கள ஹைக்கூக்களைத் தமிழாக்குகிறார், கவிதை நூல்களுக்கு மதிப்புரையும் எழுதுகிறார். அந்த மதிப்புரை என்றால் கவிஞர்கள் ஓடி ஒளிவார்கள். ஒரு தொகுப்புக்கு அவர் எழுதியது மொத்தமே ஒரு வரி: ‘அட்டை நன்றாக இருக்கிறது.’ இப்படிப்பட்டவருடைய பன்னிரண்டு ஹைக்கூக்களை நான் ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தேன். ஒரு சிற்றிதழ் அவற்றைப் போடவும் ஒப்புக்கொண்டிருந்தது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் ரீச்சரின் சம்மதம் வராவிட்டால் பன்னிரண்டும் அவுட். அவரோ பதினொன்றுக்குப் பென்சிலால் சரி போட்டு, ஒன்றை மட்டும் வெறுமையாக விட்டு, படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

அந்த ஒன்றுதான் என் செல்லம்!

பெருவாயன் நிறைந்தான்
யாரும் பேசவில்லை
காற்று மட்டும்

மூன்று வரியில் ஒரு முழு அரசியல்வாதி என்று துள்ளிக் குதித்தேன். வாய்ச்சவடால்காரன் தின்று கொழுக்கிறான், சனம் வாயடைத்து நிற்கிறது. ஆங்கிலத்திலும் அப்படியே ஒரு வாய்வீச்சு வீரனை இறக்கினேன். இதே வலைப்பதிவில் ‘அதிகாரத்தின் கன்னத்தில் ஓர் அறை’ என்று மதிப்புரையும் எழுதினேன். என்ன பிழை என்று தொலைபேசியில் கேட்டதற்கு, ஞாயிறு காலை கரடியனாற்றில் அண்ணனின் வயலுக்கு வாருங்கள், பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள் என்றார். கணித ரீச்சர் அல்லவா, விடையைச் சொல்லவே மாட்டார்.

சனிக்கிழமை காலை 6.05க்குக் கொழும்புக் கோட்டையில் ரயில். யன்னலோர இருக்கை வேண்டுமென்றால் முன்பதிவு செய்யுங்கள். பொலன்னறுவை தாண்டியதும் நான் இருக்கையில் இருக்கவேயில்லை, வாசலில்தான் நின்றேன். மூன்றரைக்கு மட்டக்களப்பு. பின்னேரம் கல்லடிப் பாலத்தில் நடந்தேன். வாவி தகதகவென்று கிடந்தது. அதைப் பார்த்து நானும் ஒரு ஹைக்கூ எழுதினேன், அதை இங்கே போடுவதாக இல்லை.

ஞாயிறு காலை ஏழரைக்கு ஆட்டோ. ஓட்டியவர் ஏறாவூர் றமீஸ். போய்வரவும் காத்திருக்கவும் சேர்த்து ஆறாயிரம் ரூபாய். செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பி, மொத்தம் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீற்றர். உற்சாகம் தாங்காமல் அவருக்கு அந்த ஹைக்கூவைச் சொல்லிக் காட்டினேன். கொஞ்சம் யோசித்தார்.

“பெருவாயன் நிறைஞ்சா சந்தோசந்தானே சேர்” என்றார்.

பாவம், அரசியல் தெரியாத மனுசன் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டே முக்காலுக்கு வட்டைக்குள் இறங்கினோம். வட்டை என்றால் இங்கே ஒரு பெரும்பரப்பு வயல்நிலம். கண் போகிற தூரம் வரை நெல் அறுத்த அடித்தாள். மிசின் வெட்டிய நெல்லைத் தரையில் விரித்த படங்கில் குவித்து, ரீச்சரின் அண்ணனும் அண்ணியும் விதைக்கென்று ஒரு பங்கைக் காற்றில் தூற்றிக்கொண்டிருந்தார்கள். ரீச்சர் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு வந்து, விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். களத்தில் சத்தம் போடக் கூடாதாம். நானும் அடக்கமாக நின்றேன்.

தூற்றி முடிந்ததும் அண்ணன் அண்ணியிடம் மெதுவாகச் சொன்னார்: “பெருவாயன எடு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரந்த ஆள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். வட்டையில் ஒரு கொக்குதான் நின்றது. அண்ணி குனிந்து, ஓலையில் இழைத்த பெரிய கடகத்தைத் தூக்கி வந்தார். அகலமான வாய். அண்ணன் நெல்லை அள்ளி அள்ளிப் போட்டார். கடகம் நிறைந்தது. யாரும் பேசவில்லை. காற்று மட்டும் அடித்தது.

என் மானம் கப்பலேறியது. ஆனால் மெய்யாகச் சொல்கிறேன், அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோசம் வந்தது. நான் மாதக்கணக்காக மனப்பாடமாய் வைத்திருந்த மூன்று வரி என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

களத்துக்கு வெளியே வந்தபிறகுதான் ரீச்சர் வாயைத் திறந்தார். களத்துக்குள் சாமான்களை வழக்கமான பெயரால் சொல்வதில்லையாம், சொன்னால் பூதம் கேட்டு, வந்து நெல்லைக் கொண்டுபோய்விடுமாம். அதனால் எல்லாவற்றுக்கும் வேறு பெயர். கடகத்துக்குப் பெருவாயன். என் பிழையைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

“பூதத்துக்கு விளங்கக் கூடாதெண்டு வெச்ச சொல்லு. உங்களுக்கு விளங்கயில்ல. சொல்லு அதுட வேலயச் செஞ்சிரிக்கி.”

றமீஸ் ஆட்டோவில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். ஏறாவூரில் அவர்களுக்கும் வயல் இருக்கிறதாம்.

பிறகு நான் சும்மா இருப்பேனா? வரம்பில் குந்தி, வாய்வீச்சு வீரனை வெட்டி எறிந்தேன். அந்த இடத்தில் ‘கடகம்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டேன், கவிதை செத்துப்போனது. களத்துக்கான மறைபெயர் என்று விளக்கும் தொடர் ஒன்று போட்டேன், அது இன்னும் மோசம். மணி இரண்டாகியது. அண்ணி தந்த சோறும் மீன் குழம்பும் அமிர்தம், ஆனால் ஐந்து மணியை நினைத்து மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். கடைசியில் ‘பெருவாயன்’ என்பதையே ஒலி மாறாமல் ஆங்கில எழுத்தில் வைத்து நீட்டினேன்.

“அடிக்குறிப்பு?” என்றார் ரீச்சர்.

“போடயில்ல ரீச்சர். பூதமும் வாசிக்கும்.”

என் சட்டைப் பையிலிருந்த பென்சிலை அவரே எடுத்துச் சரி போட்டார். வட்டைக்குள் சிக்னல் இல்லை. செங்கலடிச் சந்தியில் ஆட்டோவை நிறுத்தி, 4.40க்குப் பன்னிரண்டையும் அனுப்பினேன்.

போக நினைப்பவர்கள் மாசி, பங்குனியில் போங்கள், அப்போதுதான் அறுவடை. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். தெரிந்தவர் இல்லாமல் யாருடைய களத்துக்குள்ளும் இறங்காதீர்கள். யாராவது பெருவாயன் வருகிறான் என்றால் வழிவிடுங்கள், கடகம் பாரமாக இருக்கும்.

என் பழைய மதிப்புரையை அழித்துவிடலாமா என்று ரீச்சரிடம் கேட்டேன். வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறது, எழுதியவர் பெயரை மட்டும் திருத்துங்கள் என்றார். திருத்திவிட்டேன். இப்போது அதன் கீழே ‘எழுதியவர்: பூதம்’ என்று இருக்கிறது.